கொள்ளையன் யார்? காவல்காரன் யார்?

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் தென்காசி வட்டாரத்தின் முகமே மாறிவிடுகிறது. பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் ஜனங்கள் சாரிசாரியாக வருகிறார்கள். கடைத்தெருவில் பழக்கடைக்கும் எண்ணெய்க் கடைக்கும் நடுவே பொம்மைக் கடைகள் முளைக்கின்றன. முன்பெல்லாம் அந்தக் கடைகளில் மரச் செப்பும் பம்பரமும் தொங்கும். இன்றோ ராக்கெட்டும் விண்கப்பலும் தொங்குகின்றன. பிள்ளைகள் கையில் செல்போன். அதில் நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் கப்பல் ஓட்டும் படம். அந்தக் கதைகளில் வானத்தில் கப்பல் பாதை இருக்கிறது. பாதையில் சுங்கச் சாவடி இருக்கிறது. போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் நிலையம் இருக்கிறது. இடையில் மறித்துச் சரக்கைப் பறிக்கும் கொள்ளைக் கூட்டமும் இருக்கிறது.

நடவு வேலை முடித்து வந்த வயதான விவசாயத் தொழிலாளி ஒருவர், பேரனோடு உட்கார்ந்து அப்படியொரு படத்தைப் பார்த்துவிட்டு நம்மிடம் கேட்டார்: “ஏ தம்பி, வானத்துல போற கப்பல்லயும் கொள்ளைக்காரன் ஏறுதான். காவக்காரன் சுடுதான். சரிதான். அந்தக் கப்பல்ல மூட்டை தூக்குறவனை மட்டும் காணலையே, அவன் எங்கே?”

இதைக் கேட்டு நாம் சிரிக்கவில்லை. நூறு பண்டிதர்கள் கூடிப் பேசினாலும் இந்தக் கேள்வி அவர்கள் வாயில் வராது. பாதையைப் பற்றிப் பேசுகிறார்கள், காவலைப் பற்றிப் பேசுகிறார்கள், கொள்ளையைப் பற்றிப் பேசுகிறார்கள். சுமையைத் தூக்குகிறவனைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. வானத்துக் கதையில் மட்டுமல்ல. கடலில் நடக்கும் நிஜத்திலும் இதுதான் நிலைமை. ஆகவே இந்த வாரம் நாம் இந்த விஷயத்தைப் பேச முன்வந்திருக்கிறோம். கடலுக்கும் தென்காசிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நிறையச் சம்பந்தம் இருக்கிறது.

மலைவாசலில் நடந்த கதை

தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை தாண்டினால் ஆரியங்காவுக் கணவாய். பாண்டிச் சீமைக்கும் மலையாளச் சீமைக்கும் இடையே இயற்கை திறந்து வைத்த வாசல் அது. பொதிமாடும் தலைச்சுமையும் இந்த வழியே போய் வந்தன. 1904-இல் மலையைக் குடைந்து கொல்லத்துக்கு ரயில் ஓடியது. அகலப்பாதை போடுவதற்காக 2010-இல் புனலூர்ப் பாதை மூடப்பட்டது. மறுபடி முழுமையாகத் திறக்க 2018 ஆயிற்று. இன்று மலைக்கல்லும் மணலும் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் புளியரை வழியாக ஏறுகின்றன.

பாதை என்று ஒன்று இருந்தால் காவலும் இருக்கும். பாளையக்காரர் காலத்தில் இந்தச் சீமையில் ஸ்தலகாவல், தேசகாவல் என்று இரண்டு இருந்தன. ஊரையும் வழியையும் காப்பதற்கு ஈடாகக் காவல் பணமும் காவல் நெல்லும் வசூலிக்கப்பட்டன. கொடுத்தால் காவல்; கொடுக்க மறுத்தால் அதே கை களத்து மேட்டில் புகுந்து அள்ளியதும் உண்டு. அதை நாம் பூசி மெழுக வேண்டியதில்லை. காவல் நெல்லும் உழுதவன் நெல்தான்.

இந்த நிலையில்தான் வெள்ளைக்காரக் கம்பெனி வந்து சேர்ந்தது. நவாபின் பெயரைச் சொல்லிக்கொண்டு 1755-இல் கர்னல் ஹெரானின் படை திருநெல்வேலிச் சீமைக்குள் புகுந்தது. கப்பம் கட்டு என்றது. இன்றைய தென்காசி மாவட்டத்தில் இருக்கும் நெற்கட்டும்செவலின் பூலித்தேவன் பணிய மறுத்தான். மறுத்தவனைக் கம்பெனி என்னவென்று எழுதிற்று? கலகக்காரன் என்று எழுதிற்று. பாளையக்காரன் வாங்கிய காவல் பணத்தைக் கொள்ளை என்று எழுதிற்று. 1801-க்குள் பாளையங்களை அடித்து நொறுக்கிக் காவலை ஒழித்தது. பிறகு அந்தக் கம்பெனி வாங்கிய வரிக்கு என்ன பெயர்? கிஸ்தி! கட்டத் தவறியவனுக்கு ஜப்தி!

பறித்தது ஒன்றுதான். ஒருவன் செய்தால் கொள்ளை. பீரங்கியும் பேனாவும் கையில் உள்ளவன் செய்தால் சட்டம். யார் கையில் பதிவேடு இருக்கிறதோ, அவன் எழுதுவதுதான் பெயர். இந்த ஒரு பாடத்தை மனதில் வைத்துக்கொண்டு கடலுக்குப் போவோம்.

கடலுக்குச் சீட்டு விற்றவர்கள்

இந்து மகா சமுத்திரத்தில் அரபியரும் குஜராத்தியரும் மலையாளத்தாரும் தமிழரும் சீனரும் நெடுங்காலம் கப்பலோட்டினார்கள். அங்கும் கொள்ளையர் இருந்தனர், சண்டையும் இருந்தது. ஆனால் இந்தக் கடல் முழுவதும் என்னுடையது, என்னிடம் சீட்டு வாங்காமல் எவனும் பாய் விரிக்கக் கூடாது என்று கட்டளையிட்டவர்கள், பதினாறாம் நூற்றாண்டில் வந்த போர்ச்சுகீசியர்கள். அந்தச் சீட்டுக்குக் கர்த்தாஸ் என்று பெயர். சீட்டு வாங்கினால் மட்டும் போதாது. அவர்கள் கோட்டை கட்டியிருந்த துறைமுகத்துக்குப் போய்ச் சுங்கமும் கட்ட வேண்டும். சீட்டு இல்லாத கப்பலைப் பிடிப்பார்கள். சரக்கைப் பறிமுதல் செய்வார்கள்.

தன் கடலில் தான் போவதற்கு எவனோ ஒருவனிடம் ஏன் சீட்டு வாங்க வேண்டும் என்று எதிர்த்து நின்றவர்கள் மலபாரின் குஞ்ஞாலி மரைக்காயர்கள். அவர்களைப் போர்ச்சுகீசியர் கடற்கொள்ளையர் என்றனர். கடைசிக் குஞ்ஞாலியை 1600-இல் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினர். சீட்டு விற்றவன் காவல்காரன்! சீட்டு வாங்க மறுத்தவன் கொள்ளையன்! மலைவாசலில் பார்த்த அதே கணக்கு இங்கேயும்.

முந்நூறு ஆண்டு கழித்துத் தூத்துக்குடியில் அந்தக் கணக்கு மறுபடி வந்தது. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் 1907-இல் வந்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்கு வயிறு எரிந்தது. கட்டணத்தை அடியோடு வெட்டிற்று. காசே வாங்காமல் ஆளை ஏற்றிக் கையில் குடையும் கொடுத்தது என்று இன்றும் ஊரில் சொல்லுகிறார்கள். ஏழைமேல் திடீரென்று பிறந்த அன்பா அது? போட்டிக்காரனைக் கடலில் அமிழ்த்தி, பாதை தன் கைக்கு வந்தபின் குடைக்கும் சேர்த்து வசூலித்துக்கொள்ளலாம் என்ற வியாபாரத் தந்திரம்.

ஆனால் வ. உ. சி.யை வீழ்த்தியது கட்டணப் போட்டி மட்டுமல்ல. 1908 பிப்ரவரிக் கடைசியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் கேட்டார்கள். வ. உ. சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். ஒன்பது நாளில் ஆலை நிர்வாகம் இறங்கி வந்தது. அடுத்த சில நாட்களிலேயே, மார்ச் 12 அன்று வ. உ. சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் ஜனங்கள் பொங்கியெழுந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டார்கள். ஜூலையில் பின்ஹே துரை கொடுத்த தண்டனை இரட்டை ஆயுள், நாற்பது வருஷம்! மேல் கோர்ட்டில் அது குறைந்தது. ஆனாலும் 1912 டிசம்பர் வரை அவர் சிறையில் கிடந்தார், செக்கிழுத்தார். அவர் உள்ளே இருக்கையிலேயே கப்பல் கம்பெனி முறிந்தது. செங்கோட்டையில் பிறந்த வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தானும் மடிந்ததற்குப் பின்னால் இந்தக் கோபமும் இருந்தது.

ஆலைத் தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கப்பல் ஓட்டியபோது வெள்ளைக்காரன் கட்டணத்தைத்தான் குறைத்தான். ஆலைத் தொழிலாளியும் கப்பலோட்டியும் கைகோத்தபோதுதான் விலங்கை எடுத்தான்.

லண்டனில் இழுத்த கோடு

வெள்ளைக்காரன் போய்விட்டான், அந்தக் கதை முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? இந்த நூற்றாண்டுக்கு வருவோம்.

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் சோமாலியா. 1991-இல் அங்கே சர்க்கார் குலைந்தது. காவல் இல்லாத கடல் என்று தெரிந்ததும் அந்நிய நாட்டு மீன்பிடிக் கப்பல்கள் புகுந்து வாரிக்கொண்டு போயின. கரையோர மக்கள் ஆயுதம் எடுத்தார்கள். பிறகு அதுவே பெரும் பணம் புரளும் தொழிலாயிற்று. பெரிய புள்ளிகள் முதல் போட்டார்கள். துப்பாக்கி ஏந்திய இளைஞர்கள் படகில் போய்க் கப்பலைப் பிடித்தார்கள். பணயத் தொகையில் பெரும்பங்கு முதல் போட்டவனுக்குப் போயிற்று.

இதைச் சொல்வதால் நாம் கடற்கொள்ளைக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்று யாரும் திரிக்க வேண்டாம். அந்தக் கொள்ளையில் பிடிபட்டுத் துடித்தவர்கள் கப்பல் முதலாளிகள் அல்ல. நம் வீட்டுப் பிள்ளைகள். ஆஸ்பால்ட் வென்ச்சர் என்ற கப்பல் 2010 செப்டம்பரில் பிடிபட்டது. 2011 ஏப்ரலில் பணம் கைமாறிற்று, கப்பல் விடுபட்டது. ஆனால் இந்திய மாலுமிகள் 7 பேரைக் கொள்ளையர் கரையிலேயே நிறுத்திக்கொண்டார்கள். 2014 அக்டோபரில்தான் அவர்கள் விடுதலையானார்கள். நான்கு வருஷம்! கப்பலுக்கு விலை இருந்தது, மாலுமிக்கு? 2024 மார்ச்சில் ரூயன் என்ற கப்பலை மீட்ட நம் கடற்படை 35 கொள்ளையரைப் பிடித்து, மாலுமிகள் 17 பேரை உயிரோடு காப்பாற்றியது. அதை மனமாரப் பாராட்டுகிறோம். காவல் வேண்டும். ஆனால் அந்தக் காவல் யாரைக் காக்கிறது என்பதே நம் கேள்வி.

கொள்ளையர் பெருகிய அந்த நாளில் கப்பல் கம்பெனிகளின் அமைப்புகள் வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தன. கோட்டுக்கு உள்ளே இருப்பது அபாயக் கடல். அங்கே போகும் கப்பலுக்குக் கூடுதல் இன்ஷூரன்ஸ், கூடுதல் காவல். 2010-இல் அந்தக் கோட்டைக் கிழக்கே தள்ளித் தள்ளி 78 பாகை வரை கொண்டுவந்து நிறுத்தினார்கள். 78 பாகை என்றால் எங்கே தெரியுமா? ஏறத்தாழத் தூத்துக்குடிக்கு நேர். தென்காசி இருப்பது 77 பாகை சில்லறையில். அந்தக் கோட்டைத் தரையிலும் இழுத்திருந்தால் குற்றாலத்து அருவியும் கொள்ளையர் பிரதேசம் என்று ஆகியிருக்கும்! சோமாலியா எங்கே, கேரளக் கரை எங்கே? நடுவில் எவ்வளவு கடல்! ஆயினும் லண்டனில் மேஜை போட்டு உட்கார்ந்தவர்களின் பென்சில் ஒரு அங்குலம் நகர்ந்தது. கொல்லத்து மீனவனும் குமரி மீனவனும் ஒரே நாளில் கொள்ளையர் கடலில் வலை வீசுகிறவர்களானார்கள்.

இதனால் என்ன கேடு என்று கேட்பவர்கள் 2012 பிப்ரவரி 15-ஐ நினைத்துப் பார்க்கட்டும். கொல்லம் நீண்டகரையிலிருந்து புறப்பட்ட செயின்ட் ஆண்டனி என்ற சிறு மீன்பிடிப் படகு, கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல் தூரத்தில் மீன்பிடித்துக்கொண்டிருந்தது. அந்த வழியே என்ரிகா லெக்சி என்ற இத்தாலி எண்ணெய்க் கப்பல் வந்தது. அதில் காவலுக்கு நின்ற இத்தாலியக் கடற்படை வீரர்கள், கொள்ளையர் வருகிறார்கள் என்று எண்ணியதாகச் சொல்லிச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் மாண்டார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் நம் குமரி மாவட்டத்து இளைஞர். மீன் தேடிப் போனவர்களின் கையில் துப்பாக்கி இல்லை, வலைதான் இருந்தது.

சுட்டவர்கள் மேல் நம் கோர்ட்டில் விசாரணை நடந்து முடிந்ததா? இல்லை. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அவர்கள் தங்கள் ராஜ்யத்தின் வேலையைச் செய்தவர்கள், ஆகவே இந்தியக் கோர்ட் விசாரிக்க முடியாது, நஷ்ட ஈடு மட்டும் கொடு என்று 2020-இல் சர்வதேசத் தீர்ப்பாயம் சொல்லிற்று. இத்தாலி 10 கோடி ரூபாய் கட்டியது. 2021 ஜூனில் சுப்ரீம் கோர்ட் வழக்கை முடித்து வைத்தது. பணம் வந்தது, வேண்டியதுதான். அந்தக் குடும்பங்களுக்கு அது உரியது. ஆனால் நாம் கேட்கிறோம்: ஒரு மீனவன் தவறாகச் சுட்டு ஒரு வெளிநாட்டுச் சிப்பாய் செத்திருந்தால் பணத்தோடு முடிந்திருக்குமா?

அந்தக் கோடு என்ன ஆயிற்று? இந்தியா பல முறை ஆட்சேபித்த பிறகு, 2015 டிசம்பரில் 65 பாகைக்குப் பின்வாங்கியது. 2023 ஜனவரி முதல் தேதியோடு அபாயக் கடல் என்ற பெயரே எடுக்கப்பட்டது. பென்சில் கோட்டை ரப்பர் கொண்டு அழித்துவிட்டார்கள். போன உயிரை எதைக் கொண்டு திரும்பப் பெறுவது?

கூலிக்கு வந்த துப்பாக்கி

அபாயக் கோட்டினால் இன்னொரு வியாபாரமும் தழைத்தது. தனியார் காவல் கம்பெனிகள்! பட்டாளத்திலிருந்து விலகிய ஆட்களைக் கூலிக்கு எடுத்து, துப்பாக்கி கொடுத்து, கப்பலுக்குக் கப்பல் வாடகைக்கு விட்டார்கள். துறைமுகத்துக்குள் ஆயுதம் கொண்டுபோனால் அந்தந்த நாட்டுச் சட்டம் பிடிக்கும் என்பதால், ஆயுதத்தையும் ஆட்களையும் ஏற்றிய கப்பலை நடுக்கடலிலேயே நிறுத்தி வைத்தார்கள். மிதக்கும் ஆயுதக் கிடங்கு!

அப்படிப்பட்ட ஒரு கப்பல்தான் சீமேன் கார்டு ஓஹையோ. கம்பெனி அமெரிக்காவில், கப்பலின் கொடி சியரா லியோன் நாட்டுக் கொடி, ஆட்களோ பிரிட்டிஷ்காரர், எஸ்டோனியர், உக்ரேனியர், இந்தியர். 2013 அக்டோபரில் நம் கடலோரக் காவல் படை அதைப் பிடித்துத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருந்ததாக வழக்கு. 2016 ஜனவரியில் தூத்துக்குடி கோர்ட் 35 பேருக்கும் ஐந்து வருஷம் கடுங்காவல் விதித்தது. 2017 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது.

சரியா தப்பா என்ற சட்ட வாதத்தில் நாம் நுழையவில்லை. தண்டனை பெற்ற 35 பேரும் சம்பளத்துக்கு வந்தவர்கள். கப்பல் ஒரு நாட்டான் சொத்து, கொடி இன்னொரு நாட்டினது, உழைப்பு நான்கு நாட்டினது. லாபத்தைப் பங்கு போடும்போது முதலாளிக்கு முகவரி இருக்கிறது. பழியைப் பங்கு போடும்போது கூலிக்காரனுக்கு மட்டுமே முகவரி இருக்கிறது. ஊர்க் காவலைத் தனியாரிடம் குத்தகைக்கு விட்டால் என்ன ஆகும் என்பதைப் பாளையக்காரர் காலத்தில் பார்த்துவிட்டோம். கடல் காவலையும் குத்தகைக்கு விடுவது அதைவிடப் பெரிய ஆபத்து.

கால்வாயில் சிக்கிய கப்பல், கப்பலில் சிக்கிய மாலுமி

கொள்ளையே இல்லாத இடத்திலும் மாலுமியின் கதி என்ன என்று பாருங்கள். 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் என்ற ராட்சசக் கப்பல் சூயஸ் கால்வாயின் குறுக்கே தரை தட்டி நின்றது. ஆறு நாள் உலக வியாபாரமே முட்டி நின்றது. கப்பல் ஜப்பான் முதலாளியுடையது, ஓட்டியது தைவான் கம்பெனி, கொடி பனாமா. அதில் வேலை செய்த மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள். கப்பல் 29-ஆம் தேதி மிதந்தது. ஆனால் நஷ்ட ஈட்டுப் பேரம் முடியும்வரை கப்பலை விட மாட்டோம் என்றது கால்வாய் நிர்வாகம். முதலில் கேட்ட தொகை 91 கோடி டாலருக்கு மேல். ஜூலை 7 வரை கப்பல் நகரவில்லை. அந்த மூன்று மாதத்துக்கு மேலான காலத்தில் மாலுமிகளில் மிகச் சிலரே இடையில் ஊர் திரும்ப முடிந்தது. மீதிப் பேர் முதலாளிகளின் பேரம் முடியக் காத்துக் கிடந்தார்கள். ஜப்தி செய்த வீட்டில் அண்டாவோடு ஆளையும் சேர்த்துப் பூட்டி வைத்த கதை!

இது ஒரு கப்பலின் கதையல்ல. சம்பளமும் சாப்பாடும் இல்லாமல் முதலாளி கைவிட்டுப் போன கப்பல்களை சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. 2024-இல் மட்டும் 312 கப்பல்களில் 3,133 மாலுமிகள் கைவிடப்பட்டார்கள். அவர்களில் அதிகம் பேர் எந்த நாட்டினர்? இந்தியர், 899 பேர். சோமாலியக் கொள்ளையன் கப்பலைப் பிடித்தால் உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதுகின்றன. முதலாளி மாலுமியை நடுக்கடலில் விட்டு ஓடினால் அதற்குக் கொள்ளை என்று பெயரில்லை. வியாபார நஷ்டம் என்று பெயர்!

நிலத்தில் உழைக்கும் தோழர்களும் இது நமக்கல்ல என்று இருந்துவிட முடியாது. 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்களைத் தாக்குவது தொடங்கியது. காஸாவில் நடந்த யுத்தத்தின் தீப்பொறி கடலில் விழுந்தது. 2024 மார்ச்சில் ட்ரூ கான்ஃபிடன்ஸ் என்ற கப்பல் தாக்கப்பட்டு மூன்று மாலுமிகள் செத்தார்கள்: இருவர் பிலிப்பைன்ஸ்காரர், ஒருவர் வியட்நாம்காரர். கம்பெனிகள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கப்பல் விட்டன. பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது, வாடகை ஏறிற்று. நம் வயலுக்குப் போடும் பொட்டாஷ் உரம் ஏறத்தாழ முழுவதும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருவது. ஆலைக்கு வரும் வெளிநாட்டுப் பஞ்சும் கப்பலில்தான் வருகிறது. கடலில் வாடகை ஏறினால் ஆலை முதலாளி எதை வெட்டுவான்? லாபத்தையா? உங்கள் கூலியையும் ஷிப்டையும்தான் முதலில் பார்ப்பான். செங்கடலில் விழும் குண்டின் அதிர்ச்சி, நூற்பாலைக் கதிரிலும் கேட்கிறது.

வானத்துக்கும் வரும் வழக்கு

இனி அந்தப் பெரியவர் பார்த்த வானத்துக் கப்பலுக்கு வருவோம். நட்சத்திரத்துக்குக் கப்பல் ஓட்டுவது இன்னும் கதைதான். ஆனால் வானத்துப் பாதை நம் வாசலுக்கே வந்துவிட்டது. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஏன் குலசேகரப்பட்டினம்? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு விடும் ராக்கெட் இலங்கைக்கு மேலே பறக்கக் கூடாது. ஒதுங்கி வளைந்து போக வேண்டும். அதில் எரிபொருள் வீணாகும். குலசேகரப்பட்டினத்திலிருந்து நேர் தெற்கே திறந்த கடல். அதனால் சின்ன ராக்கெட்டுக்கு அது வாகான இடம். விஞ்ஞானத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் ராக்கெட் பறக்கும்போது கீழே உள்ள கடல் பாதையை அடைப்பார்கள், அடைத்தே ஆக வேண்டும், அதுவும் நியாயமே. அன்று வலை போட முடியாத மீனவனின் அன்றையக் கூலி யார் கணக்கில் எழுதப்படும்? ஏவுதளக் கணக்கில்தானே எழுத வேண்டும்?

மேலே வானத்தில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துகிறவன் யார்? எல்லோரையும் கட்டுப்படுத்தும் அதிகாரி எவனும் இல்லை. 2009 பிப்ரவரியில் ஓர் அமெரிக்கத் துணைக்கோளும் செயலிழந்த ரஷ்யத் துணைக்கோளும் மோதிச் சிதறின. 2019 செப்டம்பரில் ஸ்டார்லிங்க் கம்பெனியின் துணைக்கோள் ஒன்று எதிரே வந்ததால், ஐரோப்பியர் தங்கள் துணைக்கோளை விலக்கி ஓட்ட வேண்டியதாயிற்று. ஒருவன் ஆயிரக்கணக்கில் விடுகிறான். மற்றவன் ஒதுங்கிப் போகிறான். பெரிய லாரிக்காரன் ஹாரன் அடித்தால் சைக்கிள்காரன் பள்ளத்தில் இறங்குவது போலத்தான் இதுவும்.

1967-இல் உலக நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன: விண்வெளியும் சந்திரனும் எந்த நாட்டின் சொத்தும் ஆகாது என்று. நல்ல ஒப்பந்தம். ஆனால் 2015 நவம்பரில் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றிற்று: அங்கிருந்து தன் நாட்டுக் கம்பெனி தோண்டி எடுப்பது அந்தக் கம்பெனிக்கே சொந்தம் என்று! நிலம் பொதுவாம், விளைச்சல் மட்டும் தனியாருக்காம்! புறம்போக்கில் வேலி போடுகிறவன் பேசும் பேச்சு இதுதான் என்று நம் விவசாயத் தொழிலாளிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வானத்துக்கும் கர்த்தாஸ் சீட்டு அச்சாகிக்கொண்டிருக்கிறது.

நாம் கேட்பது

பாதை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காவல் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பாதையில்லாமல் தூத்துக்குடி இல்லை, ஆலை இல்லை. காவல் இல்லாவிட்டால் முதலில் சாகிறவன் மாலுமி. நாம் கேட்பது இவைதான்.

கடல் காவல், மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட அரசுப் படைகளின் வேலையாக இருக்க வேண்டும். கூலித் துப்பாக்கிக் கம்பெனிக்கு அதில் இடம் கூடாது. மீன்பிடிப் படகு வலை வீசும் கடலில், ஐயம் என்ற ஒரே காரணத்தால் சுட்டவன் எந்நாட்டானாக இருந்தாலும், கரையோர நாட்டின் கோர்ட்டில் நிற்க வேண்டும். அபாயக் கடல் என்று கோடு இழுக்குமுன் அந்தக் கரையில் வாழும் மீனவரின் வாக்கைக் கேட்க வேண்டும். மாலுமியைக் கைவிட்ட முதலாளியின் கப்பலை விற்றுச் சம்பளத்தை முதலில் கொடுக்க வேண்டும். கடல் தொழிலாளர் உடன்படிக்கையில் இந்தியா 2015-லேயே கையெழுத்திட்டிருக்கிறது. இரண்டு மாதம் சம்பளம் வராவிட்டால் மாலுமி கைவிடப்பட்டவன் என்று அது சொல்கிறது. நான்கு மாதச் சம்பளம்வரை ஈடு கட்டவும் வழி செய்கிறது. காகிதத்தில் இருப்பது கப்பலுக்கு ஏற வேண்டும். ஏவுதளத்துக்காகக் கடலை அடைக்கும் நாளுக்கு மீனவனுக்குக் கூலி வேண்டும்.

இவை பெரிய பெரிய விஷயங்கள், டில்லியிலும் ஜெனீவாவிலும் பேச வேண்டியவை, ஆலை வாசலிலும் களத்து மேட்டிலும் பேசி என்ன ஆகும் என்று சோர்வாகக் கேட்பவர்கள் உண்டு. 1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளி அப்படிக் கேட்கவில்லை. கப்பல் கம்பெனிக்கும் தனக்கும் என்ன என்று அவன் ஒதுங்கவில்லை. கப்பலோட்டியும், ஆலைக்காரன் கூலிக்கும் எனக்கும் என்ன என்று ஒதுங்கவில்லை. அந்த ஒன்பது நாள் ஒற்றுமையைக் கண்டுதான் பிரிட்டிஷ் சர்க்கார் நாற்பது வருஷத் தண்டனையை எடுத்து நீட்டிற்று. நம் ஒற்றுமைக்கு எதிரி போட்ட விலை அது.

இதைப் படித்த தோழர்கள், படிக்கத் தெரியாத தோழர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். உங்கள் ஊரிலிருந்து கப்பலுக்குப் போன பிள்ளை இருந்தால், அவன் சம்பளம் மாதாமாதம் வருகிறதா, கப்பலின் கொடி எந்த நாட்டினது என்று அவன் வீட்டில் விசாரியுங்கள். வரவில்லை என்றால் அதைச் சங்கத்தில் எழுப்புங்கள். அடுத்த முறை பேரன் வானத்துக் கொள்ளைக்காரன் படம் பார்க்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். கொள்ளையன் யார் என்று அவனிடம் கேளுங்கள். காவல்காரன் யார் என்று கேளுங்கள். மூன்றாவதாக, மூட்டை தூக்குகிறவன் எங்கே என்று கேளுங்கள். அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளையை நாளைக்கு எவனும், கடலிலும் சரி வானத்திலும் சரி, ஏமாற்ற முடியாது.